பிரசங்கம் காதில் விழுகிறது, மனதில் நிற்கவில்லையா? ஆராதனைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிறு தவறாமல் போகிறோம். பாட்டில் சேர்ந்துகொள்கிறோம், ஜெபத்தில் கண்ணை மூடுகிறோம். பிரசங்கம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, மனம் நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் போய் நிற்கிறது. அங்கிருந்து நகைக்கடன் வட்டி, அங்கிருந்து நேற்று ராத்திரி வீட்டில் நடந்த சண்டை. 'ஆமென்' என்ற சத்தம் கேட்டுத்தான் திரும்பி வருகிறோம். வீட்டில் முடியாமல் படுத்திருக்கும் அப்பாயி, "இன்னைக்கு ஐயா என்ன சொன்னாங்க?" என்று ஆசையாகக் கேட்டால், "நல்லா சொன்னாங்க" என்பதற்கு மேல் நமக்கு வார்த்தை வருவதில்லை.

நானும் இதே நிலையில் நெடுங்காலம் இருந்தேன். யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. எப்படிப் பிரசங்கிப்பது என்று சொல்லிக்கொடுக்க வேதாகமக் கல்லூரிகள் இருக்கின்றன, எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பும் இல்லை. கல்யாணமாகிக் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு வந்தவர்கள், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், திருப்பூரிலோ வளைகுடாவிலோ பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பி மறுபடி கோயிலுக்குப் போகத் தொடங்கியவர்கள், இவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். நான் இருப்பது மயிலாடுதுறைப் பக்கம், லுத்தரன் சபை. ஆனாலும் கத்தோலிக்க, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போகிறவர்களுக்கும் உதவும்படி எழுதியிருக்கிறேன்.

1. எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று முதலில் விசாரியுங்கள்

எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று தெரியாமல் போனால் பாதிக் கவனம் கடிகாரத்துக்கே போய்விடும். கத்தோலிக்க ஆராதனையான திருப்பலியில் மறையுரை, அதாவது பிரசங்கம், பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடியும். லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகளில் இருபதிலிருந்து முப்பது நிமிஷம். பெந்தெகொஸ்தே சபைகளில் செய்தி முக்கால் மணி நேரம் போகும், ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதும் சாதாரணம். ஆராதனை முழுவதும் என்று பார்த்தால் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். அதற்குப் பிறகுதான் மற்ற வேலை. பதினொன்றரைக்குக் கும்பகோணத்தில் ஒரு வளைகாப்பு என்று ஒப்புக்கொண்டு வந்தால், அன்றைக்குப் பிரசங்கம் கேட்கப்போவதில்லை என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பஸ்ஸைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்கு வரும் டவுன் பஸ் ஒன்றிரண்டு நடை குறைவாக ஓடும். முதல் வாரமே கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயிற்பிள்ளையிடமோ பக்கத்து வீட்டாரிடமோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆதலால் பஸ் காசு இல்லை என்று எந்த அக்காவும் வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

2. கையில் என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

சான்றிதழ் எதுவும் வேண்டாம். ஞானஸ்நானச் சான்று, உறுப்பினர் அட்டை, சந்தா ரசீது இவையெல்லாம் கல்யாணம், சபைத் தேர்தல், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது போன்ற காரியங்களுக்குத் தேவைப்படும். உட்கார்ந்து கேட்க யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் நற்கருணைக்கு எல்லாரும் எழுந்து போகிறார்களே என்று நீங்களும் எழுந்து போக வேண்டியதில்லை. அதற்கு ஒவ்வொரு சபையிலும் ஒரு ஒழுங்கு உண்டு. இடத்திலேயே அமைதியாக இருங்கள், அதை யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.

வேதாகமம் கட்டாயம் சொந்தமாக ஒன்று வேண்டும். வாங்குமுன் உங்கள் சபைப் பீடத்தில் எதை வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளில் 'பழைய திருப்புதல்' என்ற மொழிபெயர்ப்புத்தான் பெரும்பாலும். கத்தோலிக்கக் கோயில்களில் 'திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு' என்ற பதிப்பு. அதில் 73 நூல்கள் இருக்கும், மற்றதில் 66. வாசிக்கப்படுவது ஒன்றும் கையில் இருப்பது வேறொன்றுமாக இருந்தால், வரியைத் தேடுவதிலேயே கவனம் போய்விடும். சாதாரண அட்டை போட்டது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பெரிய எழுத்துப் பதிப்பு கொஞ்சம் கூடுதல். நாற்பத்தைந்து வயது தாண்டியவர்கள் பெரிய எழுத்தே வாங்குங்கள், கண்ணாடியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் தூக்கம் தானாக வரும்.

தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சானது தரங்கம்பாடியில், 1715-ல். நம் ஊர்க் கரையில் நடந்த காரியம் அது. இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு வேதாகமம் இல்லாமல் வெறுங்கையோடு பிரசங்கம் கேட்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

செல்போனில் வேதாகமம் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அதே போனில் தான் சம்பந்தி அனுப்பிய படமும் வருகிறது. வேறு வழியில்லாவிட்டால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு வாசியுங்கள். முடிந்தவர்கள் போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு, ஒரு பேனா. இருபது முப்பது ரூபாய் நோட்டே போதும். காணிக்கையைச் சனிக்கிழமை ராத்திரியே எடுத்து வேதாகமத்துக்குள் வைத்துவிடுங்கள். பிரசங்கம் முடியும் நேரத்தில் பர்ஸைத் துழாவிச் சில்லறை தேடும்போதுதான் கடைசி வாக்கியம் தவறிப்போகும். பெரும்பாலும் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லத்தான் அவர் அரை மணி நேரம் பேசியிருப்பார்.

காணிக்கை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சில கூட்டங்களில், இவ்வளவு 'விதைத்தால்' இவ்வளவு 'அறுப்பீர்கள்' என்று தொகை சொல்லிக் கவரைக் கையில் திணிப்பார்கள். வசனம் கேட்பதற்கு விலை கிடையாது. தொகை சொல்லிக் கேட்கும் இடத்தில் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

3. சனிக்கிழமை மாலை அரை மணி நேரம்

கேட்பது ஞாயிற்றுக்கிழமை தொடங்குவதில்லை. நாளைக்கு எந்தப் பகுதி வாசிக்கப்படும் என்று தெரிந்துகொண்டு, அதைச் சனிக்கிழமை மாலை சத்தம் போட்டு இரண்டு தடவை வாசியுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வருகின்றன. பங்கு (உங்கள் ஊர்க் கத்தோலிக்கச் சபை) நாட்காட்டியில் அச்சிட்டிருப்பார்கள். லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகளுக்கும் வருஷ நாட்காட்டி உண்டு, ஒவ்வொரு ஞாயிறுக்கும் பாடம் குறித்திருக்கும். பெந்தெகொஸ்தே சபையில் முன்கூட்டிச் சொல்வது வழக்கமில்லை. பாஸ்டர் ஒரே புத்தகத்தைத் தொடர்ந்து பேசுகிறாரென்றால் அடுத்த அதிகாரத்தை வாசித்துவிட்டுப் போகலாம்.

வாசிக்கும்போது புரியாத ஒரு வரியைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். அவ்வளவுதான். மறுநாள் அந்த வரியைப் பற்றி இவர் என்ன சொல்லப்போகிறார் என்று காது தானாகக் காத்துக்கொண்டிருக்கும்.

பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள். இதற்கு விளக்கம் வேண்டாம்.

4. உள்ளே உறுத்திக்கொண்டிருப்பதை என்ன செய்வது

இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம். மின்விசிறிச் சத்தம், குழந்தை அழுகை, ஒலிபெருக்கி இரைச்சல், இவற்றால் கவனம் கெடுவது கொஞ்சம்தான். உள்ளே தீராமல் கிடப்பதுதான் நம்மை அதிகம் இழுக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் மூன்று வகை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் வேலை செய்யாது.

*கவலை.* விதைக்கிறவன் உவமையில் முள்ளுள்ள இடத்தில் விழுந்த விதையைப் பற்றி இயேசு சொல்லும்போது, உலகக் கவலையும் ஐசுவரியத்தின் மயக்கமும் வசனத்தை நெருக்கிப்போடும் என்கிறார் (மாற்கு 4). கவலைப்படுவது பாவி என்பதற்கு அடையாளம் என்று இதைப் படிக்காதீர்கள். தை, மாசியில் நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டி வைத்துவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்களே என்று வானத்தைப் பார்க்கிற மனுஷனுக்குக் கவலை வராமல் என்ன செய்யும்? மருந்து இதுதான்: சனிக்கிழமை ராத்திரி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் கவலைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை எப்போது பார்ப்பேன் என்று நாளும் நேரமும் போடுங்கள்.

என் நோட்டில் ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'தார்ப்பாய் இன்னொன்று - ஞாயிறு மதியம் மச்சானிடம். சங்கத்து வட்டி - திங்கள் பத்து மணி. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை - ஞாயிறு சாயங்காலம். பம்ப் செட் பெல்ட் - செவ்வாய்.' கீழே ஒரே வரி ஜெபம்: 'ஆண்டவரே, இவற்றை மதியம் வரை நீர் வைத்துக்கொள்ளும்.' நேரம் குறித்த கவலை ஆராதனை நேரத்தில் அவ்வளவாக வந்து கதவைத் தட்டுவதில்லை.

*மனஸ்தாபம்.* கிராமத்துச் சபைகளில் இதுதான் கொடியது, ஏனென்றால் நாம் யாரோடு பேசுவதில்லையோ அவர் இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருப்பார். அவருடைய பின்கழுத்தைப் பார்த்தபடி அன்பைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்க முடியாது. காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்பது மத்தேயு 5-ல் உள்ள கட்டளை.

எங்கள் சபையில் ஒரு பெரியவருக்கும் அவருடைய தம்பிக்கும் வரப்பு வெட்டியதில் தகராறு. பஞ்சாயத்து, அளவுக்காரர், வக்கீல் நோட்டீஸ் என்று வளர்ந்துபோனது. ஒரு சனிக்கிழமை மாலை பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தம்பி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். தம்பி வெளியே வரவில்லை. தம்பி பெண்சாதி மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து, "பெரியத்தான், குடிங்க" என்று வைத்தார். அவர் குடித்துவிட்டு, "வரப்பு அவன் சொல்ற இடத்துலயே இருக்கட்டும்னு சொல்லும்மா" என்று எழுந்து வந்துவிட்டார். தம்பி பேசத் தொடங்கியது எவ்வளவோ நாள் கழித்துத்தான். ஆனால் அந்த ஞாயிறே வசனம் தனக்குக் கேட்டது என்று பெரியவர் சாட்சி சொன்னார். உங்கள் பங்கை நீங்கள் செய்தால் போதும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். எதிராளி சமாதானமாகும் வரை உங்கள் காது அடைத்திருக்க வேண்டியதில்லை. நேரில் போக முடியாத அளவுக்கு அடிதடி நடந்திருந்தால் சபைப் போதகரான ஆயரையோ சபைப் பெரியவரான ஒரு மூப்பரையோ நடுவில் வைத்துப் பேசுங்கள். வீட்டில் உங்களை அடிக்கிற மனுஷனிடம் தனியாகப் போய்ச் சமாதானம் பேசச் சொல்லி யாராவது இந்த வசனத்தைக் காட்டினால் கேட்காதீர்கள்.

*பாவம்.* குடித்தது, பொய்க் கணக்கு எழுதியது, பார்க்கக்கூடாததைப் பார்த்தது, கூலி ஆளின் காசைப் பிடித்து வைத்தது. இது மனதில் இருக்கும்போது பிரசங்கம் கேட்பது முள்மேல் உட்கார்வதுதான். அப்போது இரண்டு எண்ணம் வரும். 'இந்த யோக்கியதையில் நான் கோயிலுக்கு எதற்கு, சரியான பிறகு போகிறேன்' என்பது ஒன்று. 'போகலாம், கேட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்துவிட்டு வரலாம்' என்பது இன்னொன்று. முதலாவதுதான் பெரிய கண்ணி. சரியான பிறகு வருகிறேன் என்று வீட்டில் இருந்தவர்கள் சரியாகி வந்ததை நான் கண்டதில்லை. பிரசங்கமே பாவிகளுக்குத்தான். அழுக்கோடேயே வாருங்கள், ஆனால் அறிக்கை செய்துவிட்டு உட்காருங்கள்.

எப்படி அறிக்கை செய்வது? கத்தோலிக்கர்களுக்கு ஒப்புரவு அருளடையாளம், அதாவது சாமியாரிடம் தனியாகப் பாவத்தை அறிக்கையிடுவது, உண்டு. பல பங்குகளில் சனிக்கிழமை மாலையோ ஞாயிறு திருப்பலிக்கு முன்போ சாமியார் இருப்பார். நேரம் கேட்டுக்கொள்ளுங்கள், கட்டணம் ஏதும் இல்லை. லுத்தரன் ஆராதனை முறையில் ஆரம்பத்திலேயே பாவ அறிக்கையும் மன்னிப்பின் வாக்கும் வந்துவிடும். தாமதமாக வருகிறவர்கள் இழப்பது அதைத்தான். மன்னிப்பைக் கேட்காமல் பிரசங்கத்துக்கு நேராக வந்து உட்கார்ந்தால், பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் குற்றப்பத்திரிகையாகவே விழும். மற்றவர்கள் வீட்டிலேயே முழங்காலில் நின்று, பாவத்தைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். 'எல்லாப் பாவத்தையும் மன்னியும்' என்று மொத்தமாகச் சொன்னால் உறுத்தல் போகாது. 'வெள்ளிக்கிழமை அறுப்பு ஆட்களுக்குச் சொன்ன கூலியில் குறைத்துக் கொடுத்தேன்' என்று சொல்லுங்கள். முடிந்தால் அன்று மாலையே போய் மிச்சத்தைக் கொடுத்துவிடுங்கள். நம் பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிக்க உண்மையும் நீதியும் உள்ளவர் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. அதை வாய்விட்டு வாசித்துவிட்டு எழுந்திருங்கள். அதன் பிறகும் அதே பாவம் பிரசங்க நடுவில் நினைவுக்கு வந்தால், 'அது தீர்ந்தது' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பீடத்தைப் பாருங்கள். மறுபடி முதலிலிருந்து அறிக்கை செய்ய ஆரம்பிக்காதீர்கள், அதிலேயே பிரசங்கம் முடிந்துவிடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு மைக்கைப் பிடித்து அந்தரங்கப் பாவங்களைச் சொல்லாதீர்கள். இப்போதெல்லாம் எல்லாக் கூட்டமும் வீடியோவாகிறது. அதில் உங்கள் வீட்டாரின் மானமும் இருக்கிறது. நம்பிக்கையான ஒரே ஒருவரிடம், தனியாகச் சொல்லுங்கள். இன்னொன்று: மன்னிப்பைப் பலமுறை கேட்ட பிறகும் குற்ற உணர்வு விடாமல் துரத்தி, தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாழ்வதே வேண்டாம் என்று தோன்றினால் அது பிரசங்கத்தால் மட்டும் தீர்கிற விஷயமில்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

5. ஞாயிறு காலை: சாப்பாடும் உட்காரும் இடமும்

இரண்டு இட்லி போதும். நெய் மிதக்கும் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் முதல் வாசிப்பிலேயே கண் சொருகும். பதினைந்து நிமிஷம் முன்னால் போங்கள். பல கோயில்களில் செருப்பு வெளியே விட வேண்டும், ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் உட்காருவார்கள். உள்ளே நுழைந்ததும் மற்றவர்களைப் பார்த்துச் செய்யுங்கள்.

இடம்தான் பாதி வேலை. முன்னாலிருந்து மூன்றாவது நான்காவது வரிசை நல்லது. கதவோரம் வேண்டாம், வருகிறவர் போகிறவர் எல்லாரையும் கண் பின்தொடரும். தூணுக்குப் பின்னால் வேண்டாம், முகம் தெரியாத குரலைத் தொடர்வது கஷ்டம். பழைய காலத்து உயரக்கூரைக் கோயில்களில் ஒலிபெருக்கிச் சத்தம் சுவரில் மோதித் திரும்பும். பின்வரிசையில் வார்த்தை குழம்பிக் கேட்கும். பேசுகிறவரின் சொந்தக் குரல் எட்டும் தூரத்தில் இருங்கள். ஜன்னலோரக் காற்று சுகமாக இருக்கும்தான். அப்போஸ்தலன் பவுல் நடுராத்திரி வரை பேசியபோது தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்த ஐத்திகு என்ற வாலிபன் உட்கார்ந்திருந்ததும் ஜன்னலில்தான் (அப்போஸ்தலர் 20).

சின்னப் பிள்ளைகள் இருந்தால் புருஷனும் பெண்சாதியும் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிறு ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும், மற்றவர் கேட்டு வீட்டில் வந்து சொல்லட்டும். எப்போதும் தாய்மார்களே வராந்தாவில் பிள்ளையோடு நிற்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. ஒரு வருஷப் பிரசங்கம் முழுவதும் அந்தப் பெண்களுக்குத் தவறிப்போகிறது.

6. பிரசங்கம் நடக்கும்போது

பிரசங்கத்துக்கு முன் பாடும் கீர்த்தனையைக் கவனியுங்கள். பெரும்பாலும் பேசப்போகிற பொருளுக்கு ஏற்றதாகத்தான் எடுத்திருப்பார்கள். பாட்டு முடிந்ததும், கர்த்தர் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேல் சொன்னதையே சொல்லுங்கள்: 'சொல்லும், அடியேன் கேட்கிறேன்.'

எல்லாவற்றையும் எழுத முயலாதீர்கள். எழுதுகிற கை ஓடும்போது கேட்கிற காது நின்றுவிடுகிறது. மூன்றே காரியம் எழுதுங்கள்: எந்த வசனம், அது கடவுளைப் பற்றி என்ன சொல்கிறது, நான் என்ன செய்ய வேண்டும். மூன்றாவது சில வாரம் காலியாக இருக்கும். இருக்கட்டும், கட்டாயப்படுத்தி நிரப்ப வேண்டாம்.

மனம் ஓடும். நிச்சயம் ஓடும். ஓடியது தெரிந்ததும் உங்களைத் திட்டிக்கொண்டு உட்காராதீர்கள், அது இன்னொரு ஓட்டம். எங்கே போனதோ அதைக் கடைசிப் பக்கத்தில் ஒரு சொல்லாக எழுதுங்கள், 'பெல்ட்', 'வட்டி' என்று. பிறகு வேதாகமத்தில் அவர் பேசிக்கொண்டிருக்கும் வசனத்தில் விரலை வையுங்கள். விட்டுப்போன பகுதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டாம், அவருடைய கவனமும் போகும். இப்போது கேட்கிற வாக்கியத்திலிருந்து தொடருங்கள். ஒரு பிரசங்கத்தில் பத்துத் தடவை ஓடிப் பத்துத் தடவை திரும்பினாலும் நீங்கள் கேட்டவர்தான்.

தூக்கம் வந்தால் கால் பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். போகவில்லையென்றால் எழுந்து பின்சுவரோரம் நில்லுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பேசுகிறவரைக் குறை பார்க்கிற மனம் இன்னொரு பொறி. 'போன வாரமும் இதையேதான் சொன்னார்', 'இலக்கணப் பிழை', 'நம்ம கூடப் படிச்ச பையன்தானே'. இயேசுவின் சொந்த ஊரார் இவர் தச்சன் அல்லவா என்று சொல்லியே இடறிப்போனார்கள் (மாற்கு 6). யூடியூபில் கேட்ட பெரிய பிரசங்கியாரோடு உங்கள் ஊர் ஆயரை ஒப்பிடாதீர்கள். அந்தப் பிரசங்கியாருக்கு உங்களைத் தெரியாது. உங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டிவிஎஸ் பிப்டியில் வந்து ஜெபித்தது இவர்தான்.

7. வசனம் குத்தினால்

ஒரு நாள் குத்தும். அப்போது தலை தானாகப் பக்கத்து வரிசைக்குத் திரும்பும், 'இது அவனுக்குத்தான் சொல்றாங்க' என்று. தாவீது ராஜாவும், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்துக்கொண்டதாகத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன கதையை இன்னொருவன் கதையென்றே கேட்டுக் கோபப்பட்டான். 'நீயே அந்த மனுஷன்' என்று சொன்ன பிறகுதான் உடைந்தான். யாருடைய முகம் நினைவுக்கு வருகிறதோ அவர் பெயருக்குப் பதில் உங்கள் பெயரைப் போட்டு அந்த வாக்கியத்தை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

ஆயர் உங்கள் விஷயம் தெரிந்துதான் பேசுகிறார் என்ற சந்தேகமும் வரும். யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துச் சபையையே விட்டுப் போனவர்கள் உண்டு. பெரும்பாலும் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த ஞாயிறுக்குக் குறித்த பாடத்தை வைத்துத்தான் பேசியிருப்பார். நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள், சந்தேகம் தீரும்.

குத்தியதைத் தள்ளிப்போடாதீர்கள். பேலிக்ஸ் என்ற தேசாதிபதி பவுல் பேசியதைக் கேட்டு நடுங்கினான். ஆனால் 'எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்' என்று அனுப்பிவிட்டான். பவுல் இரண்டு வருஷம் காவலில்தான் இருந்தார். அந்த நடுக்கம் அவனுக்குத் திரும்ப வந்ததாக எழுதியிருக்கவில்லை.

8. வீட்டுக்கு வந்த பிறகு

வாசலில் நின்று அரை மணி நேரம் ஊர்க்கதை பேசினால் கேட்டதில் பாதி அங்கேயே கொட்டிப்போகும். பேசுங்கள், ஆனால் சுருக்கமாக. மதியச் சாப்பாட்டின்போது ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் நமக்குத் தப்பியதைப் பிடித்திருப்பார்கள். கோயிலுக்கு வர முடியாத அப்பாயியிடம் யார் சொல்வது என்று முறை வையுங்கள். போய்ச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் கேட்கிற விதமே மாறிவிடும்.

செவ்வாய் அல்லது புதன் ராத்திரி நோட்டைத் திறந்து அந்த மூன்று வரியை வாசியுங்கள். செய்ய வேண்டியது என்று எழுதியதைச் செய்தாயிற்றா? எசேக்கியேல் 33-ல் ஜனங்கள் தீர்க்கதரிசியின் வார்த்தையை இனிய பாட்டைக் கேட்பதுபோல் கேட்கிறார்கள், அதன்படி செய்கிறதில்லை என்று கர்த்தர் வருத்தப்படுகிறார். பாட்டுக்கும் கச்சேரிக்கும் பேர்போன தஞ்சைச் சீமையில் பிறந்த நமக்கு இது நெருக்கமான எச்சரிக்கை. 'அருமையாகப் பேசினார்' என்று தலையாட்டிவிட்டு எழுந்துபோவது நமக்குச் சுலபமாக வரும்.

சொன்னதை வேதத்தோடு ஒத்துப் பார்ப்பதும் கேட்பதில் சேர்ந்ததுதான். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள், அதற்காக அவர்களைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறது (அப்போஸ்தலர் 17). முரண்பாடு தெரிந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

9. வருஷத்தில் கடினமான நாட்கள்

ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்ததும் நாற்றங்கால், நடவு என்று ஞாயிறு தெரியாமல் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். தை, மாசியில் சம்பா அறுப்பு. இந்த மாதங்களில் காலை ஆராதனையைப் பிடிக்க முடியாவிட்டால் மாலை ஆராதனையோ வாரநாள் வீட்டு ஜெபமோ எங்கே என்று முன்பே கேட்டு வையுங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. நாகப்பட்டினம் பக்கம் பஸ்ஸில் கால் வைக்க முடியாது. ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

இயேசு சிலுவையில் மரித்ததை நினைக்கும் பெரிய வெள்ளிக்கிழமைக்குத் தனியாகத் தயாராகுங்கள். லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகளில் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று வரை சிலுவையில் அவர் பேசிய ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். பங்குனி, சித்திரை வெயில், பலருக்கு உபவாசம், ஏழு பேர்கூடப் பேசுவார்கள். ஏழையும் பிடித்துவிட நினைக்காதீர்கள். ஒரே ஒரு வார்த்தையைத் தேர்ந்துகொண்டு அதற்கு முழுக் காதும் கொடுங்கள், மற்ற ஆறிலும் முடிந்தவரை இருங்கள். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு உட்கார வேண்டாம்.

10. புரியாததை யாரிடம், எப்போது கேட்பது

ஆராதனை முடிந்த வாசலில் ஆயரைப் பிடிக்காதீர்கள். கல்யாண ஓலைக்கு (சபையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்புக்கு), சான்றிதழ் கையெழுத்துக்கு, வீடு பிரதிஷ்டைக்குத் தேதி கேட்க என்று அங்கே ஒரு வரிசை நிற்கும். போன் செய்து வாரநாளில் ஒரு மாலை நேரம் கேளுங்கள். அரை மணி நேரம் போதும். நோட்டையும் வேதாகமத்தையும் எடுத்துப் போங்கள். 'நீங்க சொன்னது தப்பு' என்று ஆரம்பிக்காமல், "ஐயா, இந்த வசனத்துக்கு நீங்க சொன்னது எனக்கு முழுசாப் பிடிபடல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேளுங்கள். தன் பிரசங்கத்தை ஒருவர் புதன்கிழமை வரை வைத்திருந்தார் என்று தெரிந்தால் எந்த ஆயரும் சந்தோஷமாக உட்கார்ந்து பேசுவார். கேள்வி அதிகம் இருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். முதல் தடவை இரண்டு போதும், மிச்சத்தை அடுத்த மாதத்துக்கு வையுங்கள்.